கழுத்துப் பட்டியில் ஒரு பிளாஸ்டர்

அறுவை சிகிச்சை வார்டில் அந்தச் செவிலியரை எல்லோரும் ‘சோப்பக்கா’ என்றே அழைத்தனர். கை கழுவாமல் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்பவர் பெரிய மருத்துவரே ஆயினும் வழிமறித்து நிறுத்திவிடுவாள். ஆகவே, விபத்தில் முழங்கால் நொறுங்கித் தகடு வைக்கப்பட்ட தன் தங்கை அதே வார்டுக்கு வந்தபோது, அவளுக்கு வேறு எவரும் கட்டு மாற்றக்கூடாது எனக் கண்டிப்பாகக் கூறிவிட்டாள்.

அம்மாதம் பாதுகாப்பு உடைகள் வந்து சேரவில்லை. நாளொன்றுக்கு இரண்டே கவுன்கள். ஒன்று, எம்மருந்துக்கும் அடங்காத கிருமி தொற்றிய ஆறாம் கட்டில் முதியவரிடம் செல்வதற்கு. மற்றது, ஏனைய நோயாளிகளிடம் செல்வதற்கு. இரண்டும் ஒரே மஞ்சள் நிறம். வேறுபாடு தெரியும்பொருட்டு, ஆறாம் கட்டில் கவுனின் கழுத்துப் பட்டியில் ‘6’ என எழுதிய வெள்ளை பிளாஸ்டரை ஒட்டும் வழக்கத்தை ஏற்படுத்தியவள் அவளே. அதற்காகப் பாராட்டும் பெற்றாள்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் தங்கை வலியால் துடித்தாள். கொக்கியில் ஒரு கவுன் மட்டுமே தொங்கியது. பட்டியில் பிளாஸ்டர் தென்படவில்லை. மற்றதை அணிந்து எவரோ ஆறாம் கட்டிலருகே நிற்பதாக எண்ணி, அதையே மாட்டிக்கொண்டாள்.

“விண்வெளிக்குப் போறவ மாதிரி வர்றியேக்கா. என் காலு உன்னைக் கடிச்சிடாது” என்றாள் தங்கை.

அக்கா சிரித்தாள். குனிந்து கட்டைப் பிரிக்கையில் கவுனின் கைப்பகுதி ஒருமுறை புண்ணில் உரசியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு, முறை பிசகாமல் கையுறை, கவுன், கண்ணாடி, முகக்கவசம் என ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொப்பியை எடுத்தபோது பிடரி மயிரில் ஏதோ ஒட்டியிருந்தது. பட்டியின் உட்புறமாக மடிந்துகிடந்து, வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பிளாஸ்டர். அதில் அவளுடைய கையெழுத்திலேயே ‘6’. மற்ற கவுன் காலையிலேயே கிழிந்து குப்பைக்குச் சென்றுவிட்டது என்பதைப் பின்னரே அறிந்தாள்.

அக்கணமே சொல்லியிருந்தால் புண்ணைத் திறந்து கழுவியிருப்பார்கள். ஆனால் சோப்பக்கா எப்படிச் சொல்வாள்? ஒன்றும் ஆகாது என்று தன்னையே தேற்றிக்கொண்டு, அந்தத் துண்டைக் கசக்கி எறிந்தாள்.

வியாழனன்று தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது: ஆறாம் கட்டிலின் அதே கிருமி. அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். மருத்துவர் கோபிக்கக்கூட இல்லை.

“செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா பார்த்திருக்கலாம், சிஸ்டர்” என்று மட்டும் கூறி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தகட்டை எடுத்தனர். இருமுறை திறந்து கழுவினர். நஞ்சு இரத்தத்தில் ஏறத் தொடங்கியதும், காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என முடிவாயிற்று. தங்கைக்குக் காலைப் பற்றிச் சொன்னார்கள். கவுனைப் பற்றி எவரும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அறுவை நாளன்று புதிய கவுன்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. பிரிக்காத ஒன்றின் உறையைக் கிழித்து, எடுத்து அணிந்துகொண்டு மேசையருகே சென்றாள். மயக்க மருந்து ஏறுமுன் தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ கூடவே இரு அக்கா. நீ இருந்தா அழுக்கு என்கிட்ட அண்டாது.”

முகக்கவசத்தினுள் அக்காவின் உதடுகள் அசைந்தன. தங்கையின் கண்கள் அதற்குள் மூடிவிட்டன.