எல்லாருக்கும் ஒரே சாவி

சட்டத்தரணி கிருஷ்ணராஜ் நீதிமன்றப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட மூன்றாம் நாளே மெல்ரோய்க்குத் தொலைபேசி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாலும் மனிதருக்கு நினைப்பெல்லாம் வெள்ளவத்தை அலுவலகத்தில்தான்.

“மூண்டு மாசம் வத்தளை வீட்டை விட்டு அசையக் கூடாதாம். நீர் எனக்கு ஒரு வழி செய்து தாரும். ஒபிஸ் சேர்வரில இருக்கிறதெல்லாத்தையும் நான் கட்டிலில படுத்துக்கொண்டே பாக்கவேணும்.”

மெல்ரோய்க்கு இது புதிய வேலையல்ல. கொட்டாஞ்சேனையில் குடியிருந்துகொண்டு, கொழும்பில் பதினான்கு சின்ன அலுவலகங்களின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன். பெற்றோல் தட்டுப்பாட்டில் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் அவற்றில் பாதிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய வழி செய்து கொடுத்திருந்தான். வெளியிலிருந்து சேர்வருக்குள், அதாவது அலுவலகக் கோப்புகளெல்லாம் இருக்கும் பொதுக் கணினிக்குள், வருகிறவருடைய லெப்டொப்பில் ஒரு சாவி வைக்க வேண்டும். சாவி என்றால் இரும்புச் சாவியல்ல, நீளமான ஓர் எழுத்து வரிசை. அது இருக்கும் லெப்டொப்புக்கு மட்டும் அலுவலகக் கதவு திறக்கும். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்பதெல்லாம் ஒரு பதிவேட்டில் தானாகவே ஏறும்.

ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னதும் கிருஷ்ணராஜின் முகம் கறுத்துவிட்டது.

“பேர் பதியுமோ? எங்கட ஒபிஸில அந்தப் பழக்கம் இல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?”

தெரியும். வருகிறவர்கள் கையெழுத்திடப் புத்தகம் இல்லாத சட்டத்தரணி அலுவலகம் கொழும்பில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தொலைபேசியை எடுத்தால் “ஒபிஸ்” என்பார்களே தவிர, எடுத்தவர் இன்னார் என்று சொல்ல மாட்டார்கள். பேப்பர்காரனின் பேரைக்கூட அந்த மனிதர் எங்கும் எழுதி வைத்ததில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. முன்னொரு காலத்தில் அங்கேயும் வருகைப் புத்தகம் இருந்தது. ஒருநாள் நாலு பேர் வந்து, வேறொன்றையும் தொடாமல், அதை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமைகளில் அதிலிருந்த பேர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஆட்கள் போனார்கள். அந்தப் பேர்களில் இரண்டு பேரை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

“சேர், ஆளுக்கொரு சாவி இருந்தாத்தான் நல்லது,” என்றான் மெல்ரோய். “ஒன்டு தொலைஞ்சா அத மட்டும் வெட்டி விடலாம். யார் உள்ள வந்தது என்டும் நமக்குத் தெரியும்.”

“எங்களுக்குத் தெரிஞ்சா, நாளைக்குச் சேர்வரைத் தூக்கிக்கொண்டு போறவனுக்கும் தெரியும். எல்லாருக்கும் ஒரே சாவி. பேர் வேண்டாம், பதிவும் வேண்டாம். விளங்கிச்சோ?”

இதற்குச் சொல்ல மெல்ரோயிடம் பதில் இருந்தது. ஆனால் பெரிய மனிதர், வலியில் முனகிக்கொண்டு கிடக்கிறார், எதிர்த்துக் கதைக்க வாய் வரவில்லை. “சேர் சொன்னா சரி” என்று தலையாட்டிவிட்டு வந்தான். மாடு மாதிரி ஆட்டினேன் என்று பின்னாளில் தன்னைத் தானே எத்தனை தரம் திட்டிக்கொண்டானோ, கணக்கில்லை.

ஒரே சாவியில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைக்கொண்டு உள்ளே இருக்கலாம். இரண்டாமவர் வந்தால் முதலாமவரின் இணைப்பு அறுந்துவிடும். ஒரு கதிரையில் இரண்டு பேர் இருக்கப் பார்ப்பது போலத்தான். அதனால் மெல்ரோய் ஓர் ஏற்பாடு செய்தான். வெளியிலிருந்து சேர்வரைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர், வத்தளையில் கிருஷ்ணராஜ், களனியில் வீடுள்ள எழுதுவினைஞர் ஹம்சிகா. போகும்போது வைபர் செய்தியில் “உள்ளே” என்று ஒரு சொல், முடிந்ததும் “வெளியே” என்று ஒரு சொல். மற்றவர் அதுவரைக்கும் காத்திருப்பார். கிருஷ்ணராஜுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பேரே இல்லையே!

இவ்வளவு பயந்து பாதுகாக்க அந்தச் சேர்வரில் என்ன இருந்தது என்றால், நாகேஸ்வரியின் விலாசம் இருந்தது.

நாகேஸ்வரியின் கணவரைப் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வீட்டு வாசலில் வைத்து ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வானை ஓட்டியவனின் முகத்தை அவள் அருகில் நின்று பார்த்தாள். பார்த்தவர்களில் வாய் திறக்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். வழக்கு இத்தனை வருடம் இழுபட்டு, இப்போதுதான் அவள் சாட்சி சொல்ல நீதிமன்றத்தில் ஒரு தேதி, ஒரு தவணை, கிடைத்திருக்கிறது. அதுவரைக்கும் அவளை ஊரில் வைத்திருக்கப் பயந்து, இரத்மலானையில் பிறிஜெற் என்ற பெண்ணின் வீட்டுப் பின் அறையில் கிருஷ்ணராஜ் தங்க வைத்திருந்தார். அந்த விலாசம், பிறிஜெற்றின் தொலைபேசி எண், தவணையன்று அவளை யார் எப்படிக் கூட்டி வருவது என்ற ஏற்பாடு, எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. தொலைபேசியில் சேமிக்கக் கூடாது, தாளில் எழுதக் கூடாது என்பது கிருஷ்ணராஜின் கட்டளை.

அவள் வாக்குமூலம் கொடுக்க வந்த நாளில் மெல்ரோய் பின்னறையில் சேர்வரின் துருப்பிடித்த ஆணிகளை மாற்றிக்கொண்டிருந்தான். அலுவலகம் இருந்தது கடலுக்குக் கிட்ட ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. அவள் வாசலில் நின்று அந்தக் கறுத்த பெட்டியையே பார்த்தாள்.

“தம்பி, நான் சொன்னதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குமோ?”

“ஓம் அக்கா.”

“வெளியில போகாதோ?”

“போகாது அக்கா. அதுக்குத்தானே நான் இருக்கிறேன்.”

அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத, கபடமற்ற சிரிப்பு. ஒருவரும் கேட்காத வாக்கை ஏன் கொடுத்தோம் என்று மெல்ரோய்க்கு அப்போதே நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது.

தவணைக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஹம்சிகா முதல் தரம் முறையிட்டாள். “மெல்ரோய் அண்ணா, வீட்டில இருந்து வேலை செய்யேக்க லைன் விழுந்து விழுந்து போகுது.”

“சேர் உள்ள வந்திருப்பார்.”

“இல்லை. சேர் ‘வெளியே’ போட்ட பிறகுதான் நான் போனனான்.”

மழை நாட்கள். களனிப் பக்கம் இணைப்பு எப்போதும் நொண்டும். ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னான் மெல்ரோய். ஒரு கிழமை கழித்து அதே முறைப்பாடு, இம்முறை ஞாயிறு காலை பத்து மணிக்கு. அவன் பூசைக்குப் போய்விட்டு வந்து, மறுபடியும் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னான். பிறகு கிருஷ்ணராஜே கூப்பிட்டார். “ஐசே, நான் வாசிச்சுக்கொண்டிருக்கேக்க என்னை ஆரோ தள்ளி விடுற மாதிரி இருக்கு. இந்தப் பிள்ளை ‘உள்ளே’ போடாமல் வாறாளோ?” ஹம்சிகா தன்மேல் வந்த சந்தேகத்தைக் கேட்டு அழாத குறை. இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்களே ஒழிய, மூன்றாவது ஒருவரைப் பற்றி யாருக்கும் எண்ணம் வரவில்லை. வந்திருக்க வேண்டியது மெல்ரோய்க்கு. அவனுடைய தொழில் அது.

தவணை வியாழக்கிழமை. செவ்வாய் காலை பத்தரைக்கு மெல்ரோய் அலுவலகம் போனான், உப்பில் அரித்துப்போன ஒரு வயரை மாற்ற. ஹம்சிகா அன்றைக்கு அங்கேயே தன் மேசையில் இருந்து வழக்குக் கோவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வயரைக் கழற்றுமுன், வெளியிலிருந்து யாராவது வேலையில் இருக்கிறார்களா என்று பார்ப்பது அவன் வழக்கம். திரையைத் திறந்தான்.

சாவி பாவனையில் இருந்தது.

“சேர் உள்ளயா இருக்கிறார்?” என்று கேட்டான்.

ஹம்சிகா தொலைபேசியைப் பார்த்தாள். “இல்லையே. நேற்று ‘வெளியே’ போட்டதுதான் கடைசி. இப்ப அவருக்கு எக்ஸசைஸ் செய்ய ஆள் வாற நேரம்.”

மெல்ரோய் கிருஷ்ணராஜை அழைத்தான். மூச்சு வாங்க எடுத்தார். லெப்டொப் மூடி அலுமாரிக்குள் இருக்கிறது என்றார். ஹம்சிகாவின் லெப்டொப் அவள் காலடியில் பைக்குள், பூட்டுப் போட்டபடி. ஆனால் சேர்வரிலிருந்து வெளியே போகும் தகவலின் அளவைக் காட்டும் எண்கள் திரையில் ஏறிக்கொண்டே இருந்தன. யாரோ ஒருவர் ஆறுதலாக, அவசரமே இல்லாமல், சேர்வருக்குள் இருந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

யார், எத்தனை நாளாக, எங்கிருந்து என்று பார்க்கப் பதிவேடு இல்லை. இல்லாமல் செய்ததே அவன்தான். இந்த நிமிடத்தை மட்டும் பார்க்கலாம். இப்போது திறந்திருக்கும் கோப்புகள் எவை என்று சேர்வரைக் கேட்டான். ஒன்றே ஒன்றைத்தான் அது காட்டியது.

“ஹம்சிகா, இது யாருடைய கோப்பு?”

அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். பார்த்ததும் கையை வாயில் வைத்தாள். “நாகேஸ்வரி அக்கான்ர.”

மெல்ரோய் ரவுட்டர் வயரைப் பிடுங்கி எறிந்தான். ஒழுங்கை முடிவில் ரயில் ஒன்று போக, யன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கிருஷ்ணராஜ் இன்னும் தொலைபேசியில், என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“சேர், உங்கட லெப்டொப்ப யாரிட்டயாவது குடுத்தீங்களா?”

கிருஷ்ணராஜ் எக்ஸசைஸ் ஆளை அறைக்கு வெளியே போகச் சொல்வது கேட்டது.

“போன மாசம் கீபோட் வேலை செய்யேல்லை,” என்றார் கடைசியில். அந்தக் குரலில் பழைய அதிகாரம் இல்லை. “ஒரு ஆள் தானாக வந்து, கடையில குடுத்துச் செய்விச்சுத் தாறன் எண்டு கொண்டு போனவன். மூண்டு நாளில கொண்டு வந்து தந்தவன். நல்ல பெடியன்.”

“பேர் என்ன சேர்?”

“கேக்கேல்லை ஐசே.”

லெப்டொப்பிலிருந்து அந்தச் சாவியைப் பிரதி எடுக்க மூன்று நிமிடமே போதும். கோபிக்க வேண்டும் போலிருந்தது மெல்ரோய்க்கு. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ஆளுக்கொரு சாவி வைத்திருந்தால் இந்தக் களவு முதல் முறைப்பாட்டிலேயே அகப்பட்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் அவன்.

“நம்பர்! பிறிஜெற் அன்ரியின்ர நம்பர்!” ஹம்சிகா பதறினாள். அந்த எண்ணும் அதே கோப்பில்தான் இருந்தது. மெல்ரோய் திறந்து வாசிக்க வாசிக்க, அவள் விரல் தடுமாறி இரண்டு தரம் பிழையாக அழுத்தி, மூன்றாம் தரம் சரியாக எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப்போகிற நேரத்தில்தான் எடுத்தார்கள்.

“ஹலோ?”

“அன்ரி, நான் ஒபிஸில இருந்து. நாகேஸ்வரி அக்கா எங்க?”

“ஆ, பிள்ளையா? நீங்க அனுப்பின ரெண்டு பேரும் வந்தாச்சு. தேத்தண்ணியும் குடிச்சாச்சு. இப்பத்தான் வெளிக்கிடுறாங்க.”

மெல்ரோய் தொலைபேசியைப் பறித்தான். “யார் அன்ரி வந்தது? நாங்க ஒருத்தரையும் அனுப்பயில்ல!”

“என்ன மகன் கதைக்கிறீங்க? கோர்ட்டில எப்பிடிச் சொல்றது என்டு பழக்கிறதுக்கு சேர் கூட்டிட்டு வரச் சொன்னாராமே. நாகேஸ்வரி சொன்னது அவ்வளவும் அவங்களுக்கு ஒரு சொல் விடாமத் தெரியுது. நான் பேர் கேட்டனான். எங்கட ஒபிஸில பேர் சொல்ற பழக்கம் இல்ல அன்ரி என்டாங்க. அதுக்குப் பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.”

“ஏற விடாதீங்க! அன்ரி, ஓடுங்க, வாகனத்தில ஏற விடாதீங்க!”

தொலைபேசி எதன்மேலோ வைக்கப்பட்ட சத்தம். செருப்புச் சத்தம் ஓடியது. வாசற்படலை கிரீச்சிட்டது. தூரத்தில் பிறிஜெற்றின் குரல், “நாகேஸ்வரி! நாகேஸ்வரி!” என்று. பிறகு எஞ்சின் சத்தம் ஒன்று எழுந்து, தேய்ந்து போயிற்று. வத்தளையிலிருந்து கிருஷ்ணராஜ் மற்றத் தொலைபேசியில் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

செருப்புச் சத்தம் மெதுவாகத் திரும்பி வந்தது. பிறிஜெற் மூச்சிரைத்தாள்.

“போயிட்டாங்க மகன். நான் கத்தினது அவளுக்கு விளங்கயில்ல போல. சிரிச்சுக்கிட்டு, யன்னலால எனக்குக் கை காட்டிட்டுப் போறாள்.”