பூதம் விழுங்கிய தம்பி

பல நாள் வேலைக்கு வராத அந்தோணிசாமி அன்று வந்ததும் நேராக ஒன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் மணி அடிப்பதும் தோட்டம் பார்ப்பதும் அவர் வேலை. கிளியனூரிலிருந்து மகள் பூமாலையையும் கூட்டிக்கொண்டு வருவார். அவள் ஒன்றாம் வகுப்பில் படித்தாள்.

"டீச்சர், பூமாலைக்கு என்னமோ ஆயிடிச்சிங்க. பையன் ஆஸ்பத்திரில கெடக்கறான், அந்தப் பேஜாரு போதாதுன்னு இது சோறு தண்ணி எடுக்க மாட்டேங்குது. யாருகிட்டயும் பேசறதில்ல. நேத்து என்னப் பார்த்து, பூதம் மறுபடி வாயத் தொறக்குமான்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கினு வாப்பான்னுது. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க."

டீச்சர் தையல்நாயகிக்கு விளங்கியது. சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அது 1987. பள்ளித் தாளாளர் கிருஷ்ணசாமியின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வந்து பள்ளிக்குக் கொடுத்திருந்தார். ஒரு புத்தக அளவுதான் இருக்கும். அதை டி.வி.யில் செருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் விளையாட்டு திரையில் வரும். கூடவே வந்த விளையாட்டுகள் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பி.எஸ்சி. கணிதம் படித்த தையல்நாயகி கையேட்டைப் பார்த்துத் தானே ஒன்றை எழுதினாள். அக்காவும் தம்பியும் காட்டுக்குப் போகிறார்கள். குளத்துப் பூதம் தம்பியைப் பிடித்துக்கொள்கிறது. குளத்தில் எத்தனை தாமரை என்று அக்கா சரியாக எண்ணிச் சொன்னால் விட்டுவிடும். மூன்று முறை தவறினால் வாயைத் திறந்து தம்பியை விழுங்கும். திரை சிவக்கும், கர்ரென்று ஒரு சத்தம் வரும். 'தம்பி' என்ற எழுத்துகளைக்கூட அவள் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து உள்ளே ஏற்றியிருந்தாள். பிள்ளைகள் பயந்து கத்தினார்கள். கத்திவிட்டு இன்னொரு ஆட்டம் கேட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

போன வாரம், மழை நாளில், பூமாலை விளையாடினாள். எட்டுத் தாமரைகளை ஏழு என்றாள், ஒன்பது என்றாள், பதறிப்போய் மறுபடி ஏழையே அமுக்கினாள். பூதம் விழுங்கியது. பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டதால் இன்னொரு ஆட்டம் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் தம்பி தேவசகாயத்துக்கு ஜுரம் கண்டது. மறுநாள் வலிப்பு. மூளைக்காய்ச்சல் என்று விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

தையல்நாயகி அரை நாள் லீவு சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பூமாலை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பொட்டிய எடுத்தாந்தீங்களா டீச்சர்?"

"எதுக்கும்மா?"

"இன்னொருவாட்டி வெளையாடறேன். கரெக்டா எண்ணிடறேன். தம்பிய வுட்டுடும்."

"அது வெறும் வெளையாட்டும்மா. நான் எழுதினது. அதால யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது."

பூமாலை அவளை நம்பவில்லை. "நான் ஏழுன்னு அமுக்குனேன் டீச்சர். ரெண்டுவாட்டி," என்றாள்.

உள்ளே பையன் கண் திறக்காமல் கிடந்தான். அவன் தாய் அம்சா ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "டாக்டரு மூஞ்சியப் பார்த்தாலே பயமாக்கீதுங்க," என்றாள்.

கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து ஒரு ஆட்டம் ஜெயிக்க வைப்பது சுலபம். பூமாலை உடனே சாப்பிடுவாள். ஆனால் பூதம் தம்பியை விட்ட பிறகும் பையன் பிழைக்காமல் போனால்? அதற்கும் தானே காரணம் என்று இந்தப் பெண் ஆயுசுக்கும் நினைப்பாள். ஜெயிக்க வைக்கக் கூடாது. பூதத்தால் ஒன்றும் ஆகாது என்று கண்ணால் பார்க்க வைக்க வேண்டும்.

திரும்பிப் போய்த் தாளாளரிடம் கம்ப்யூட்டரை ஒரு நாளைக்குக் கேட்டாள். "ஸ்கூல் பொருள் வெளிய போகாதும்மா," என்றார் அவர். கெஞ்சினாள். அவர் அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை மற்றவர்கள் வருமுன் தானே அறையைத் திறந்து, கம்ப்யூட்டரையும் டேப் ரெக்கார்டரையும் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் மழை. பஸ் கூரை ஒழுகியது. கம்ப்யூட்டர் நனையாமல் அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தாள். முதுகு முழுக்க நனைந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பாண்டுரங்கன் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு பழைய டி.வி.யை மேசைமேல் தூக்கி வைத்தார். கேசட் முதல் தடவை ஏறவில்லை. இரண்டாம் தடவை பாதியில் கரண்ட் போனது. அது திரும்பி வரும்வரை தையல்நாயகி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்த பூமாலை பக்கத்தில் ஸ்டூலில், கண்ணை இமைக்காமல்.

கடைசியில் குளம் வந்தது. தையல்நாயகி ஆட்டத்தை நிறுத்தி, எழுதிய வரிகளைத் திரையில் வரவழைத்தாள். 'தம்பி' இருந்த இடத்தில், பஸ்ஸிலேயே வரைந்து வைத்திருந்த புள்ளிகளை ஏற்றினாள். இப்போது பூதத்தின் பிடியில் புடவை கட்டிய ஒரு பொம்மை இருந்தது. மேலே 'டீச்சர்' என்று எழுத்து.

"இப்ப பூதம் என்னைப் புடிச்சிருக்குது. நீ தப்பா அமுக்கு. என்ன ஆவுதுன்னு பார்க்கலாம்."

"வாணாம் டீச்சர்."

பூமாலை விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். சரியாக அமுக்கினாள். மறுபடி ஆட்டம் வந்தது. மறுபடியும் சரி. எத்தனை முறை சொல்லியும் அவள் தவறவே இல்லை. கடைசியில் தையல்நாயகியே தப்பான எண்ணை மூன்று முறை அமுக்கினாள். பூமாலை அவள் கையைப் பிடித்து இழுத்தாள், கத்தினாள், பிறகு அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கர்ரென்று சத்தம் வந்து ஓய்ந்தது.

"பாரும்மா. இங்கதானே இருக்கறேன்."

பூமாலை அவள் முகத்தைத் தடவினாள். கழுத்தில் புறங்கையை வைத்தாள்.

"தம்பிக்கு சாயங்காலம்தானே ஜுரம் வந்திச்சு," என்றாள்.

அப்போதுதான் தையல்நாயகி தன் தொண்டை கரகரப்பதை உணர்ந்தாள். உடம்பெல்லாம் லேசாக வலித்தது. ஈரத்தோடு பயணம் செய்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். பாண்டுரங்கனின் மனைவியிடம் உலர்ந்த புடவை வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்று மட்டும் ஜுரம் வேண்டாம், நாளைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும் என்று தன் குலதெய்வத்திடம் கெஞ்சினாள். அன்று அவள் ஊர் திரும்பவில்லை. தாழ்வாரத்தில் பூமாலையோடு படுத்தாள். சிறிய கை அடிக்கடி வந்து அவள் கழுத்தைத் தொட்டது.

விடிந்ததும் பூமாலை நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஜில்லுனு கீது," என்றாள். பிறகு கேட்டாள். "அப்ப தம்பிக்கு யாரு ஜுரம் குடுத்தது?"

"கொசுதான்னு டாக்டர் சொல்றாரு."

"நான் இல்லியா?"

"நீ இல்லம்மா."

அந்தோணிசாமி வாங்கி வந்த இட்லியை அவள் தின்றாள். அம்சா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திண்டிவனம் போகும் பஸ்ஸிலேயே தையல்நாயகிக்குக் குளிர் எடுத்தது. கம்ப்யூட்டரைப் பள்ளியில் ஒப்படைத்தபோது நிற்க முடியவில்லை. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கிருஷ்ணசாமி சொன்னது காதில் பாதிதான் விழுந்தது. கொதிக்கும் உடம்போடு வாடகை அறையில் படுத்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. தேவசகாயம் போய்விட்டான்.

எழுந்து புடவை மாற்றிக்கொண்டு கதவு வரைக்கும் வந்தாள். தன் கழுத்தில் தானே கையை வைத்துப் பார்த்தாள். நெருப்பாகச் சுட்டது. இந்த உடம்போடு போனால் பூமாலை தொடுவாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அடக்கத்துக்கு டீச்சர் வரவில்லையே என்று கிளியனூரில் பேசிக்கொண்டார்கள்.

உடம்பு தேறிய பிறகுதான் போனாள். அம்சா முறத்தில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூமாலை பக்கத்தில் இருந்தாள்.

"தம்பி செத்துப்போயிட்டான் டீச்சர்."

"தெரியும்மா."

"நீங்க ஏன் வரல?"

"வர முடியல," என்றாள் தையல்நாயகி.

பூமாலை முகம் கோணி, தாயின் மடியில் விழுந்து, எல்லாக் குழந்தைகளையும் போல உரக்க அழுதாள். அம்சா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "சாப்புடுதுங்க. அது போதும்," என்றாள்.

தையல்நாயகி அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்து, மல்லாட்டை உரிக்கத் தொடங்கினாள்.