மூட்டைக்குத் தீனி இறங்கவில்லை

ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் நடத்திவந்தாள் ஒருத்தி. எல்லோரும் அவளை நாய்க்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. அன்பாகக் கூப்பிட்டால் போதாதா, என்ன பேரில் கூப்பிட்டால் என்ன?

கம்பிக் கதவு போட்ட சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விரிப்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம். எந்த நாய்க்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் பயம், எந்த மருந்து எந்த வேளைக்கு என்பதையெல்லாம் நாயின் வீட்டுக்காரர்களே அவளுடைய இணையதளத்தில் எழுதிவிடுவார்கள். அவள் கைபேசியில் திறந்து பார்த்துக்கொள்வாள். காகிதத்தில் எழுதி வைத்தால் அதையும் நாய் தின்றுவிடுகிறது, பாவம் அவள் என்ன செய்வாள்.

அப்படித்தான் மூட்டை வந்தது. பேருக்கேற்ற உடம்பு. புருஷனும் பெண்டாட்டியுமாக அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கையோடு கப்பலேறிப் போனார்கள். நடுக்கடலில் போன் எடுக்காதாம். "ரொம்பச் சமத்து. சாப்பாட்டுல மட்டும் ஒரு வழக்கம் உண்டு. சைட்டுல எழுதிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

வேளை பாருங்கள், அன்றைக்குத்தான் அந்த இணையதளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி தன் சர்வரை மாற்றியது. அக்கா பக்கத்தைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று ஒரு திரை. நடுவில் ஒரே வரி: 'டேட்டாபேசுடன் இணைக்க முடியவில்லை.'

மூட்டையின் முன்னால் தீனி வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு, மரியாதை குறைந்துபோன சம்பந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழியை வேகவைத்துக் கொடுத்தாள். தொடவில்லை. மறுநாள் காலையிலும் அதே கதை. கால்நடை மருத்துவர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"உடம்புல ஒண்ணுமில்ல. வீட்டுல எப்படிக் கொடுப்பாங்களோ அப்படிக் கொடுத்துப் பாருங்க. இன்னைக்கும் சாப்பிடலைன்னா டிரிப்தான் ஏத்தணும்."

வீட்டில் எப்படிக் கொடுப்பார்கள்? அதுதான் அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறதே!

அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என் ராசா இல்ல, என் தங்கம் இல்ல, ஒரு வாய்டா" என்று கெஞ்சினாள். கூடமாட வேலை செய்யும் நாத்தனார் வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"அண்ணி, இதுல பாதிக் கொஞ்சல் எங்கண்ணனுக்குக் கிடைச்சிருந்தா அவர் இந்நேரம் குண்டாயிருப்பார்."

"உங்கண்ணன் தட்டை வைக்கறதுக்குள்ள காலி பண்றவரு. அவருக்கு எதுக்குடி கொஞ்சல்? அந்தக் கம்பெனிக்குப் போனைப் போடு."

அக்காவின் கையெல்லாம் கோழி. அதனால் நாத்தனார் ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியைத் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஓர் இளைஞனின் குரல் தேனாக ஒழுகியது.

"வணக்கம் மேடம். காக்க வச்சதுக்கு வருந்துறோம்."

"வருந்தினது போதும் தம்பி. பக்கம் எப்ப திறக்கும்?"

"புது சர்வருக்கு மாறிட்டோம் மேடம். உங்க சைட்டு வந்துடுச்சு. டேட்டாபேஸ் மட்டும் இன்னும் வரலை."

"ஏன் தம்பி, வீடு மாத்தறப்ப பீரோவை ஏத்திட்டு, உள்ள இருந்த துணியைப் பழைய வீட்டுலயே கொட்டிட்டு வருவீங்களா?"

"உங்க சிரமம் புரியுது மேடம். பிரவுசர்ல கேஷை கிளியர் பண்ணிப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான். அக்காவுக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

"நேத்திலிருந்து கூப்பிடறேன், ஆளாளுக்கு இதையே சொல்றீங்க! கிளியர் பண்ணக் கிளியர் பண்ண அந்த வெள்ளைத் திரைதான் இன்னும் வெளுத்துப்போச்சு! இங்க மூட்டைன்னு ஒரு ஜீவன் பட்டினி கிடக்குது, தெரியுமா?"

"அண்ணி..." நாத்தனார் தோளைத் தட்டினாள்.

"நீ சும்மா இரு!"

"ஐயோ அண்ணி, கீழ பாருங்க!"

மூட்டை கிண்ணத்துக்குள் தலையை விட்டு லபக் லபக்கென்று தின்றுகொண்டிருந்தது. அக்கா வாயடைத்துப்போனாள். பேச்சு நின்றதும் அதுவும் நிறுத்திவிட்டு, 'அப்புறம்?' என்பதுபோலப் பார்த்தது.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா? நான் உங்களைத் திட்டணும்."

"இவ்வளவு நேரம் அதைத்தானே மேடம் செஞ்சீங்க?"

"சண்டைச் சத்தம் கேட்டாத்தான் இந்த நாய் சாப்பிடுது தம்பி. டேய் சோம்பேறி!"

மூட்டை ஒரு வாய் தின்றது.

"மிக்க நன்றி மேடம்" என்றது தேன்குரல். மூட்டை நிறுத்திவிட்டது.

"கெடுத்தீங்களே! ஒத்தை ஆளா எப்படிச் சண்டை போடறது? பதிலுக்குக் கத்துங்க."

"கஸ்டமர்கிட்ட கத்தக் கூடாதுன்னு விதி மேடம்."

"கஸ்டமரே கேட்டா?"

விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. முதலில் லேசாகத் தொண்டையைச் செருமினான் பிள்ளை. அப்புறம் அணை உடைந்தது.

"டேட்டாபேஸ் முழுசா வந்துச்சான்னு பாத்துட்டு மாத்துங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்! மேனேஜர் கேட்டாரா?"

"கேக்க வச்சிருக்கணும்! வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தது?"

"நீங்க மட்டும் என்னவாம்? பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டா, பாஸ்வேர்டுதான்னு சொன்னவங்கதானே!"

"அது போன வருஷம்! இப்ப மாத்திட்டேன்!"

மற்ற அறை நாய்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு குரைத்தன. நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு ரகளையிலும் அந்தப் பையனின் விரல்கள் சும்மா இல்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் இடைவிடாமல் கேட்டது. மூட்டை பாதிக் கிண்ணத்தைத் தாண்டியிருந்தது.

"மேடம்!" குரலில் சந்தோஷம் பொங்கியது. "பழைய சர்வரிலிருந்து எல்லாம் வந்துடுச்சு மேடம்! மூட்டையோட பக்கம் திறந்துடுச்சு!"

மூட்டை தலையைத் தூக்கியது.

"சந்தோஷமாச் சொல்லாதீங்க! என்ன எழுதியிருக்கு? சண்டையாப் படிங்க!"

"'சாப்பாட்டு நேரத்தில் நானும் என் கணவரும் மனம் விட்டுப் பேசுவது வழக்கம்!'" என்று அலறினான் அவன். "'அந்தச் சூழலில் மூட்டை நன்றாகச் சாப்பிடும்!'"

"இதுக்குப் பேரு மனம் விட்டுப் பேசறதா?"

"எனக்கெப்படி மேடம் தெரியும்? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!"

மூட்டை கிண்ணத்தை வழித்து நக்கியது. ஓர் ஏப்பம் விட்டது. அப்புறம் அக்காவின் மடியில் மொத்தக் கனத்தையும் போட்டுக் கண்ணை மூடியது. அதன் காதைத் தடவியபடி அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, ரொம்பக் கத்திட்டேனா?"

"இல்ல மேடம். எனக்கும் ஏதோ பாரம் இறங்கினமாதிரி இருக்கு."

"கப்பல் வர இன்னும் நாளாகும். நாளைக்கு மத்தியானம் டூட்டியில இருப்பீங்கதானே?"

"இருப்பேன் மேடம். ஆனா எல்லாம்தான் சரியாயிடுச்சே, எதைச் சொல்லித் திட்டுவீங்க?"

"அதுக்குள்ள எதையாவது கெடுத்து வையுங்க கண்ணு. உங்க கம்பெனிக்கு அது என்ன பெரிய காரியமா?"