பெரியவர் சொன்ன இரண்டு பதில்கள்

நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்க ஒருவரை அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. சட்டத்துறைச் செயலாளர் காலையில் நேரில் வந்து உறையைக் கொடுப்பார். மாலை நான்கு மணிக்குத் திரும்ப வந்து பதிலை வாங்கிக்கொண்டு போவார். இடைப்பட்ட நேரம் யோசிப்பதற்காம். இதுவரை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அந்த நாற்காலியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

செயலாளர் உறையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, வாசல் அறையில் உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே நீங்களும் பெரிய ஆளுதான் மேடம். ஐயா உடம்பெல்லாம் நல்லா இருக்கார்ல?"

"நல்லா இருக்கார் சார்" என்றாள். வாய் சொல்லிவிட்டது.

இருபத்தொரு வருடமாக அவள் அந்த நீதிபதியிடம் வேலை பார்க்கிறாள். ஊருக்கெல்லாம் அவர் பெரியவர், அவளுக்கு ஐயா. புருஷன் போன கையோடு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்தவளை, அடிக்கடி லீவு போடுவாள் என்று மற்ற நீதிபதிகள் தட்டிக் கழித்தார்கள். இவர் மட்டும்தான், "பென்சிலைச் சீவி வச்சுக்கோம்மா, ஆரம்பிக்கலாம்" என்றார்.

அந்த மனிதருக்குத்தான் எட்டு மாதமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. எந்நேரமும் இல்லை, அவ்வப்போது. வழக்கின் பெயரை அவள் சீட்டில் எழுதி மேசையில் வைப்பாள். வக்கீல்களின் பெயரைக் காதோடு சொல்வாள். வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விசுவாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பில் மண் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு லாரி டிரைவர், கொலை வழக்கு, ஆயுள் தண்டனை, மேல்முறையீடு. காலையில் பெரியவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்: தண்டனை சரி. பதினேழு பக்கம். அவள் அடித்து முடித்தாள். மாலையில் மறுபடி கூப்பிட்டு, காலையில் சொன்ன நினைவே இல்லாமல், அதே வழக்குக்கு முதலிலிருந்து தீர்ப்புச் சொன்னார். லாரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறான், அன்றைக்கு அந்த லாரியில் விளக்கே எரியவில்லை, ஆகவே விடுதலை. காலையில் அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

மாலையில் சொன்னதுதான் தெளிவு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் கேட்டால் அவர் உடைந்துபோவாரே என்று பயந்தாள். பதினேழு பக்கம் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்ற சோம்பலும் கொஞ்சம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? காலைத் தாள்களையே நீட்டினாள். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கூட இருந்த இரண்டு நீதிபதிகளும் பெரியவர் எழுதினால் சரியாக இருக்கும் என்று போட்டார்கள். லாரி டிரைவர் உள்ளேயே இருக்கிறான்.

செயலாளர் போன பிறகு, பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து மணி அடித்தது. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா. இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்..."

நாலே வரி. அடித்து வைத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டரைக்கு மறுபடி மணி. அந்த மணிச் சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நோட்டோடு உள்ளே போனாள்.

உறை பிரித்தபடி மேசைமேல் கிடந்தது. அவர் கண்ணை மூடவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இன்னும் பதில் சொல்லலியேம்மா. எழுதிக்கோ. என் ஞாபகம் இனி நம்பத்தக்க சாட்சி அல்ல. அதை வைத்துக்கொண்டு பிறருக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னை விட்டுவிடுங்கள்." அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்கய்யா."

"சொல்லியிருக்கலாமேம்மா."

நோட்டை மூடினாள். வெளியே வந்து அழுதுகொண்டே அடித்தாள். மூன்றரைக்குத் தாளைக் கொண்டுபோனபோது அவர் முகம் மலர்ந்து, பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"ஒரு தடவை படிச்சுப் பாருங்கய்யா."

"நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்." கையெழுத்துப் போட்டு நீட்டினார். "ஆமா, பதவியேற்புக்கு இந்தக் கோட்டு போதுமா, புதுசு தைக்கணுமா?"

காலையில் அடித்த தாளும் அவள் மேசையில்தான் கிடந்தது. அதை நீட்டியிருந்தாலும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டிருப்பார், சந்தோஷமாகவும் இருந்திருப்பார். இருபத்தொரு வருடத்தில் அவளுக்கு வாழ்வு கொடுத்த மனிதருக்கு அவள் செய்தது இதுதான்.

நான்கு மணிக்குச் செயலாளர் வந்து கடிதத்தைப் படித்தார். முகம் சுண்டிவிட்டது.

"என்ன மேடம் இது? காலையில நல்லா இருக்கார்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் சார்." மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று மாதத்துக்கு முந்தைய நோட்டையும், அன்று காலையும் மதியமும் எழுதிய நோட்டையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதுல ஒரு லாரி டிரைவரோட தீர்ப்பு ரெண்டு தடவை இருக்கு. தப்பானதை அடிச்சுக் கையெழுத்து வாங்கினது நான்."

செயலாளர் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கோடும் சுழியும்.

"ஒண்ணும் புரியலியே?"

"என் சொந்தச் சுருக்கெழுத்து சார். என்னைத் தவிர யாராலயும் படிக்க முடியாது. நானும் கூட வரேன், எங்க வேணா படிச்சுக் காட்டுறேன்."

வேலை போகும். வழக்கும் வரலாம். தெரிந்துதான் செருப்பை மாட்டினாள்.

உள்ளேயிருந்து மணி அடித்தது.

"அம்மா, பதவியேற்புக்கு யார் யாரைக் கூப்பிடணும்னு ஒரு லிஸ்ட் போடணும். நோட்டை எடுத்துட்டு வாம்மா!"

எப்போதும் முதல் மணிக்கே "இதோ வரேங்கய்யா" என்று எழுந்துவிடுகிறவள், அன்றைக்குச் செயலாளர் கையிலிருந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.