கண் திறந்த ஊற்று

எங்கள் ஆறு மூன்று கிலோமீட்டர்தான். குன்றின் அடிவாரத்தில் ஒரு பாறை இடுக்கில் ஊறி, மார்க்கெட்டுக்குப் பின்பக்கமாக வளைந்து, பெரிய ஆற்றில் போய்ச் சேரும். சேரும் என்று சொன்னதெல்லாம் பதினைந்து வருடமாக வெறும் பேச்சு. ஊற்று வற்றி, ஆறு இருந்த இடத்தில் பழைய மெத்தையும் டயரும் உடைந்த கழிப்பறைப் பீங்கானும் கிடந்தன. அதைத்தான் நாங்கள் பதினான்கு பேர் நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் அள்ளினோம்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்கின் நுனியில் கோபம். பாலத்திலிருந்து எவனாவது குப்பைப் பையை வீசினால், பின்னாடியே போய் அவன் வீட்டு வாசலில் அதைக் கொட்டிவிட்டு வருவேன். தெருவில் எனக்குச் 'சாக்கடை மகாராணி' என்று பட்டம். வைத்துவிட்டுப் போகட்டும். கரையில் பூசியிருந்த சிமெண்டைப் பெயர்த்தோம், கோரை நட்டோம், மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கட்டும் என்று குன்றுச் சரிவில் இருநூறு குழி வெட்டினோம். ஊற்று மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பாறை இடுக்கில் ஈரம். மதியத்துக்குள் விரல் கனத்துக்கு ஒழுக ஆரம்பித்தது. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த எட்டு மாதத்தில் ஆறு ஆறாகவே ஆகிவிட்டது. மீன் வந்தது, தவளை வந்தது, தட்டான் வந்தது. ஒரு ஜோடி முக்குளிப்பான் பறவை கோரைக்குள் மிதக்கிற கூடு கட்டி நான்கு குஞ்சு பொரித்தது. எங்கள் குழுவில் பேங்க்கில் வேலை பார்க்கிற பையன் ஒருத்தன் உண்டு, குளிக்கும்போதாவது கழற்றுவானோ என்னவோ, கழுத்தில் எப்போதும் கேமராதான். அவன் பெயரே கேமரா என்றாகிவிட்டது. தாய்ப்பறவை முதுகில் குஞ்சைச் சுமந்துகொண்டு போகிற படத்தை அவன் எடுத்துவந்தான். நான் அதைக் கலரில் நூறு பிரதி போட்டு மார்க்கெட் முழுக்க ஒட்டினேன். மகாராணி என்று சொன்ன வாயெல்லாம் மூடிக்கொண்டது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊற்றுக்கண்ணில் மீன் நிற்பதில்லை. முப்பதடி தள்ளித்தான் நிற்கும்.

"அங்க தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கும்க்கா, அதான்" என்றான் கேமரா.

நான் விடவில்லை. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரைச் சோதிக்க ஒரு பெட்டி விற்கிறதே, அதை வாங்கிவரச் சொன்னேன். ஊற்றுக்கண்ணிலேயே மொண்ட தண்ணீரில் ஐந்து சொட்டு மருந்து விட்டோம். தண்ணீர் மஞ்சளானது. பெட்டிக்குள் இருந்த அட்டையில் மஞ்சளுக்கு நேரே 'குளோரின்' என்று போட்டிருந்தது.

"பெட்டி டூப்ளிகேட்டா இருக்கும்" என்றான்.

நானும் தலையாட்டினேன். ஆனால் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து சமையலறைக் குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அதே மஞ்சள். பிடித்துவைத்திருந்த மழைத் தண்ணீரில் விட்டேன், நிறமே மாறவில்லை. பெட்டி நல்ல பெட்டிதான். குழாய்த் தண்ணீருக்குத்தான் குளோரின் போடுவார்கள், பாறைக்கு எவன் போடுவான்?

என் வீட்டுக்காரர் குடிநீர் ஆபீஸில் கசிவு கண்டுபிடிக்கிறவர். ஆள் உயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். ஆறடி ஆழத்தில் ஒழுகுவது அந்தக் காதுக்குக் கேட்கும், அடுத்த அறையிலிருந்து நான் கத்துவது கேட்காது. அன்றைக்கு அவரைச் சட்டை கழற்றக்கூட விடவில்லை. மஞ்சள் தண்ணீரை மேஜைமேல் வைத்தேன்.

"இது ஆத்துத் தண்ணி. என்னன்னு சொல்லுங்க."

எதையாவது சொல்லிப் பூசி மெழுகுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கால் விரலையே பார்த்தார்.

"குன்று மேல போற மெயின் குழாய். பாறைக்கு மேல ஒரு ஜாயின்ட் விட்டுப்போச்சு. அந்தத் தண்ணி வெடிப்புல இறங்கி உன் ஊத்துல வருது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"எட்டு மாசமா வாயைத் தெச்சு வெச்சிருந்தீங்களா?"

"அன்னிக்கே சொல்லணும்னுதான் வந்தேன். நீ போன்ல ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லிட்டிருந்தே. நாலு வருஷம் கழிச்சு உன் மூஞ்சியில சிரிப்பு. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் மீன் வந்துடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்கு மற்றது உறைத்தது. அந்தக் குழாய் போவது குன்றின் மேல் தெருவுக்கு. அங்கேதான் இவருடைய தங்கை, என் நாத்தனார், வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பதினொரு குழந்தைகள். புருஷன் போய் ஆறு வருடமாக அதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. எட்டு மாதமாக அவள் வீட்டுக் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர். அடிவாரத்திலிருந்து நூற்றிருபது படி குடம் தூக்கிக்கொண்டிருந்தாள். போன வாரம் சுகாதார அதிகாரி வந்து, மாதக் கடைசிக்குள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் காப்பகத்தைப் பூட்டிவிடுவேன் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அவ உங்க கூடப்பிறந்த தங்கச்சி" என்றேன்.

"தெரியும்."

"அந்த லைன்ல ரெண்டு தடவை தேடினீங்களே, என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"கசிவு இல்லைன்னு."

திட்டினேன். கல்நெஞ்சக்காரர் என்றேன், அண்ணன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லையா என்றேன், இன்னும் எழுத முடியாததெல்லாம் சொன்னேன். ஆனால் நாளைக்கே போய் ஆபீஸில் சொல்லுங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

மறுநாள் கேமராவிடம் சொன்னேன். அவனுக்கு முகம் செத்துப்போனது.

"குஞ்சுங்களுக்கு இன்னும் மூணு வாரம் வேணும்க்கா. பறக்கக் கத்துக்கட்டும். அப்புறம் சொல்லிடலாம்."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அதிகாரிகள் எல்லாரும் அப்படித்தான் மிரட்டுவார்கள், பூட்டவெல்லாம் மாட்டார்கள் என்றான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சரிதான் என்று பட்டது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஐந்து நாளை ஓட்டினேன். காலையில் எழுந்ததும் ஆற்றங்கரைக்குப் போய் நின்று குஞ்சுகளை எண்ணுவேன். வீட்டுக்காரரை எந்த வாயால் திட்டினேனோ அந்த வாயைத் திறக்காமல் கடைக்குப் போவேன்.

ஆறாம் நாள் மதியம் நாத்தனார் கடைக்கு வந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

"என்னடி கையில?"

"படியில வழுக்கிடுச்சு அண்ணி. குடம்தான் போச்சு, கை பரவாயில்ல." ஒரு தாளை நீட்டினாள். "இதுல அஞ்சு காப்பி போட்டுக் குடுங்க."

குடிநீர் ஆபீஸுக்கு மனு. இடது கையால் எழுதியிருக்கிறாள் போல, எழுத்தெல்லாம் கோணல். கீழே பதினொரு குழந்தைகளின் அப்பா அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து மூடியைச் சாத்தினேன். வெளிச்சம் ஐந்து தரம் போய் வந்தது.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணி. ஆத்தையே கொண்டுவந்தவங்க, உங்க பேர் இருந்தா ஆபீஸ்ல மதிப்பாங்க."

பேனாவை எடுத்தேன்.

"அண்ணன் பாவம், வெயில்ல ரெண்டு தடவை அலைஞ்சு தேடிச்சு. அது காதுக்கே கேக்கலைன்னா எங்க போய் ஒழுகித் தொலையுதோ."

நான்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன், என் மீனும் என் பறவையும்தான் குடிக்கின்றன என்று சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்தைப் போட்டேன். அவள் காசை எடுத்து நீட்டினாள், போடி என்று அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்பியில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார் வீட்டுக்காரர்.

"நாளைக்குக் காலையில தோண்டுங்க" என்றேன்.

காதை எடுத்தார். "உன் ஆறு?"

"தோண்டுங்கன்னு சொன்னேன்."

கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இப்பத்தான் கண்டுபிடிச்சேன்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடச் சர்வீஸ். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

சாயங்காலம் பதினான்கு பேரையும் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு பெண், "அப்ப நாலு வருஷமா நாம பண்ணது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் எட்டு மணிக்கு வால்வை மூடினார்கள். ஒன்பதுக்கெல்லாம் ஊற்றுக்கண்ணில் சத்தம் நின்றது. வந்த ஏழு பேரும் வாளியும் கொசுவலையுமாக இறங்கி, மீனை அள்ளி அள்ளிக் கீழே பாலத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் கொண்டுபோய் விட்டோம். அள்ள அள்ளத் தண்ணீர் குறைந்தது, கடைசியில் சேறும் மீனும் ஒன்றாகத்தான் வந்தது. பதினொரு மணிக்குக் கூடு தரைதட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. பெரிய பறவைகள் இரண்டும் இரண்டு குஞ்சுகளோடு பள்ளத்துப் பக்கம் போய்விட்டன. மற்ற இரண்டையும் பிடிக்கக் கேமரா தொடை அளவு சேற்றில் இறங்கினான். ஒன்றுதான் உயிரோடு கிடைத்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்காரர் மேலே குழியில் நின்று ஜாயின்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்ததைக் கீழேயிருந்து பார்த்தேன்.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, வந்துடுச்சு. இருங்க, இருங்க, கேளுங்க."

போனைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். காலி டிரம்மில் தண்ணீர் இரைந்துகொண்டு விழுகிற சத்தம். பின்னால் பதினொரு குழந்தைகளும் ஒரேயடியாகக் கத்துகின்றன. நான் ஊற்றுக்கண்ணுக்கு முன்னால் சேற்றுக் காலோடு நின்றிருந்தேன். பாறை இடுக்கில் இருந்த ஈரம் மேலேயிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

"கேக்குதா அண்ணி?"

"கேக்குது. முதல்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் ரொப்பி வெச்சுக்கோ."

"எதுக்கு அண்ணி? இனிமே நிக்காதாம், அண்ணன் சொல்லிச்சு."

"ஆமா" என்றேன். "நிக்காது."