இந்தக் கதையில் அவர் சாகவில்லை

பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துதான் அவள் தன் புருஷனைக் கொல்வாள். உள்ளே மெஷின் கிர்ரென்று ஓட ஆரம்பித்ததும் வெளியே காத்திருப்பவர்களின் முகம் வெளிறிப்போகும், பேச்சு நின்றுபோகும். அந்த அமைதியில் கைபேசியை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் எழுதுவாள். ஒரு கதையில் கப்பலின் இன்ஜின் அறை தீப்பிடித்துச் செத்தார். இன்னொன்றில் அலை வாரிக்கொண்டு போனது. மற்றொன்றில் பத்திரமாகக் கரையிறங்கி, துறைமுகத்துப் படிக்கட்டில் மழையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். இணைய இதழில் அந்தக் கதைக்குத்தான் நிறையப் பேர் அழுதார்கள்.

அவர் கப்பலில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் அவர் கப்பலேறிய நாளிலிருந்தே அவளுக்குப் பயம்தான். ஜன்னல் கதவு காற்றில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடும். ஒருநாள் தாங்கமுடியாமல் அந்தப் பயத்தை அப்படியே கதையாக எழுதிவிட்டாள். அந்தத் தடவை அவர் முழுசாகத் திரும்பி வந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுதான், அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? எழுதிவிட்டால் நடக்காது என்று மனசு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் இதழுக்கு முன்னால் அவருக்கு அனுப்புவாள். செத்தவரே படித்துவிட்டுச் சிரித்தால்தான் அந்தப் பயம் கழிந்ததாக அர்த்தம்.

அவரும் சளைத்தவரில்லை. “எழுத்தாளரம்மா, நீச்சல் தெரிஞ்சவனையே முக்கிட்டியே!” என்று குரல் பதிவு அனுப்புவார். பல் டாக்டரம்மா அதற்கும் ஒரு படி மேலே. “பாவம் அந்த மனுஷன். ஊருக்கு வந்தா சோறாவது ஒழுங்கா போடுறியா, இல்ல அதுலயும் எதையாவது கலந்துடுவியா?” என்பாள்.

போன தடவை ஒப்பந்தம் முடிந்தும் அவர் வரவில்லை. ஆள் குறைவு என்றார். இந்தத் தடவை நிச்சயம் என்று அவள் புதுத் தலையணை உறை மாட்டி, கட்டிலில் அவர் பக்கம் குவிந்து கிடந்த துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தால், ‘இன்னும் கொஞ்ச நாள்தாம்மா’ என்று வந்திருந்தது. காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கட்டிலில் அந்தப் பாதி வெறிச்சென்று கிடந்தது. அவர் இருந்தால் தூக்கத்தில் காலைத் தூக்கி அவள்மேல் போடுவார். கட்டிலா உலக்கைக் கிடங்கா என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இப்போது அந்தக் கனத்துக்காக உடம்பெல்லாம் ஏங்கியது.

அப்போதுதான் உறைத்தது. தீ, அலை, மழை என்று எல்லாவற்றையும் எழுதியவள், அவருக்கு வர விருப்பமே இல்லாமல் போய்விடுவதை மட்டும் எழுதியதில்லை. எழுதினால் அவரைச் சந்தேகப்பட்டது போலாகும் என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறாள்.

எழுதினாள். அந்தக் கதையில் அவர் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார், கூட வேலை செய்பவர்களைச் சிரிக்க வைத்தார். வேறு பெண்ணெல்லாம் கிடையாது. அப்படியென்றால் ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே எழுதியபோது, விடுமுறையில் வந்த ஒருவன் அடுக்களையில் தானாக வந்து நின்றான். சொந்த வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டு, உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள். கடைசியில் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவன் வந்தானா என்று மட்டும் எழுத வரவில்லை.

டாக்டரம்மா படித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். “நல்லாருக்கு. நேரா இதழுக்கு அனுப்பு. அவருக்கு வேணாம்.”

“அவருக்குத்தான் டாக்டர் முதல்ல.”

“அவர் ஆமா, அதான் வரலன்னு சொல்லிட்டா?”

அவள் கைபேசியை எடுத்தாள். அனுப்பினாள். படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. அன்று முழுக்கக் குரல் பதிவு எதுவும் வரவில்லை.

மறுநாள் மதியம் டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தபோது அவரே கூப்பிட்டார்.

“சாப்டியா?”

“ம். நீங்க?”

“ஆச்சு.” பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. “இதுல நான் சாகவே இல்லையே.”

“இல்ல.”

“முடிவும் இல்ல.”

“எனக்குத் தெரியலங்க. அதான் விட்டுட்டேன்.”

அவர் கையிலிருந்த ஸ்பேனரை இரும்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

“அந்த உப்பு டப்பா… உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் எடுத்துக் குடுக்க மாட்டேனா?”

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். அவள் நாற்காலியைக் கைகாட்டிவிட்டு, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரும்புப் படியில் பூட்ஸ் ஏறும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் இன்ஜின் இரைச்சல் கீழே இறங்கிக்கொண்டே போனது. மேல்தளத்தின் கனமான கதவொன்று கிரீச்சிட்டுத் திறந்தது. பிறகு காற்று, காது கொள்ளாத காற்று, அதற்கு நடுவே, பேசுவதற்காக இழுத்த அவருடைய மூச்சு.