முன்சக்கரத்தின் தங்கக் கால்கள்

மாமனார் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே கடைசல்காரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வழக்கமாக அவன் வண்டி நிற்கும் நிழலில் புத்தம் புதிய வண்டி ஒன்று நின்றது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான் அவனுடைய சகலை, மனைவியின் தங்கை கணவன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். பேசியே ஆளைக் கரைத்துவிடுவான்.

"வாங்க சகல, வாங்க. வண்டி எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு," என்றான் கடைசல்காரன், தன் வண்டியை வெயிலில் நிறுத்தியபடி.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருந்த ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தங்க நிறத்தில் தகதகத்தன. அவன் வண்டியில் அந்தக் கால்கள் மேலே ஒல்லியாகவும் கீழே தடித்தும் இருக்கும். இதில் தலைகீழாக, மேலே பருத்துக் கீழே மெலிந்து, பந்தயக்காரனின் தொடையைப் போல இருந்தன.

மாமனார் அப்போதுதான் சின்ன மாப்பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"குழியில இறங்கினதும் தெரியல, ஏறினதும் தெரியல. நம்ம பெரிய மாப்பிள்ளை வண்டியில போனா உடம்புல எத்தனை எலும்பு இருக்குன்னு எண்ணிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினி சிரித்தாள். கண் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு உள்ளே படுத்திருந்த மாமியார்கூடச் சிரித்தது கேட்டது. அதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மாமனாரை வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இத்தனை வருஷமாகச் சுமந்தது எந்த வண்டி? மழையென்றும் வெயிலென்றும் பாராமல் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தது யார்? ஒரு சொகுசு வண்டி வாசலில் வந்து நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்றா? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தான். பின்னால் உட்கார்ந்த மனைவி என்னவோ கேட்டாள். காற்றில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் லேத் எனும் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது, சீவி விழும் பித்தளைச் சுருளைப் பார்த்தாலும் அந்தத் தங்கக் கால்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. தெருவில் போகிற வண்டிகளை முகம் பார்க்காமல் முழங்கால் பார்த்தான். புது வண்டி வாங்குகிற யோசனை அவனுக்கு வரவில்லை. வாங்குவது யாருக்கும் முடியும். சகலைக்கும் முடிந்திருக்கிறது. தன் கையால் செய்து காட்ட வேண்டும். சகலை வாயடைத்து நிற்க வேண்டும்.

அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கும் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனான். பெரிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய தங்க நிற ஃபோர்க் அங்கே கிடைத்தது. அதை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கும் இரும்புத் துண்டுகள் வேறொரு வண்டியுடையவை. சக்கரமும் பிரேக் தட்டும் மூன்றாவது வண்டியுடையவை.

"ஃபோர்க் மாத்தறது சட்டை மாத்தற மாதிரி இல்லண்ணே," என்றார் கடைக்காரர். "இது உங்க வண்டியோடத விட நீளம். பிரேக் எண்ணெய் போற பழைய ஹோஸ் குழாய் பத்தாது, இழுத்துக்கும். நீளமானது போடணும். இப்போ இருப்பு இல்ல, அடுத்த வாரம் வரும்."

"வரட்டும், வந்ததும் வாங்கிக்கறேன்."

வேலை முடிந்தபின் பட்டறையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினான். ஃபோர்க்கை வண்டியோடு இணைக்கும் நடுத்தண்டு பொருந்தாததால் அதைப் புதிதாகக் கடைந்தான். அச்சுக்கு உள்வளையம் செய்தான். அந்த வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. பட்டறை முதலாளி தேநீர்க் குவளையோடு வந்து பார்த்துவிட்டு, "ஒருத்தன் காலு, ஒருத்தன் செருப்பு, இன்னொருத்தன் நடை. விழாம நடந்தா சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நம்ம வண்டி நல்லாத்தானே ஓடிச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"இன்னும் எலும்பை எண்ணிக்கிட்டே போகணுமா?" என்றான்.

மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமனார் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று தகவல் வந்தது. நீளமான ஹோஸ் இன்னும் வரவில்லை. பழையதையே மாட்டினான். நேராக நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பியபோது அது துணி காயப்போடும் கொடிக்கயிறு போல விறைத்து நின்றது. இணைப்பில் லேசாக ஈரம். துணியை எடுத்துத் துடைத்தான். மறுபடி கசியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுபடி அந்தப் பக்கமே பார்க்காததால், கசிந்ததா என்பது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் முன்னதாகவே பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மச்சினி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னாள். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மாமனார் குனிந்து அந்தத் தங்கக் கால்களைத் தடவினார். கைப்பிடியை அழுத்தினார். முன்பாகம் மெத்தையைப் போல இறங்கி எழுந்தது.

"நீங்களே செஞ்சதா மாப்பிள்ளை? கடையில வாங்கின மாதிரியே இருக்கே."

"நாமளே செஞ்சதுதான்," என்றான் கடைசல்காரன், ஒன்றும் பெரிதில்லை என்பது போல. அவன் கண் மாமனார் மேல் இல்லை. சகலை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வாயே ஓயாதவன், பேசவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, நடுத்தண்டை விரலால் தட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அது அவனுடைய வழக்கமான சிரிப்பு இல்லை. கடைசல்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா சகல?"

கடைசல்காரன் கை சட்டைப்பையில் சாவியைத் தொட்டது. ஹோஸ் நினைவுக்கு வந்தது. 'பிரேக் வேலை பாக்கி இருக்கு, அடுத்த வாரம் ஓட்டுங்க' என்று சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும்? 'அப்போ அரைகுறையாத்தான் கொண்டாந்தீங்களா' என்று சகலை சிரிப்பான். மாமனார் சிரிப்பார். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொள்வாள்.

சாவியைக் கொடுத்தான்.

"மெதுவா போங்க," என்று மட்டும் சொன்னான்.

சகலை ஏறி உட்கார்ந்தான். அதற்குள் கடைசல்காரனின் மகள் ஓடிவந்தாள். ஒன்பது வயது. துறுதுறுப்பைப் பார்த்து எல்லோரும் வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

"சித்தப்பா, நானும்," என்று பின்னால் தொற்றி ஏறிக்கொண்டாள்.

கடைசல்காரன் வாயைத் திறந்தான். அப்போது சகலை அவன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்றேன் சகல. என் வண்டி இதுகிட்ட நிக்க முடியாது," என்றான்.

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அந்த ஒரு வார்த்தையின் ருசியில் ஒரு கணம் நின்றான். அந்தக் கணத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

வண்டி பாதித் தெருவைத் தாண்டியதும் அவனுக்கு ஹோஸ் மறுபடி நினைவுக்கு வந்தது. நடந்தான். பிறகு வேகமாக நடந்தான். "எங்க போறீங்க?" என்று மனைவி கேட்டபோது ஓடிக்கொண்டிருந்தான். தெருக்கோடியில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதைத் தாண்டியவுடன் இடப்பக்கம் திரும்ப வேண்டும். முன்சக்கரம் எழும்பும், கைப்பிடி இடப்பக்கம் திரும்பும். பட்டறையில் அவன் செய்து பார்த்ததும் அதேதான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திருப்பத்தில் ஒரு சரக்கு வேன் பின்னோக்கி வந்திருக்கிறது. சகலை பிரேக்கைப் பிடித்திருக்கிறான். பிடி காற்றுப்போல உள்ளே போய்விட்டது. பின்பிரேக்கை மிதித்து, வேனில் மோதாமல் வண்டியைச் சுவர் பக்கமாகச் சாய்த்திருக்கிறான். விழும்போது ஒரு கையால் வாண்டுவை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. சுவரோரம் கிடந்த வண்டியில், பிய்ந்த ஹோஸின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மாமனார் வந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"நான்தான் மாமா. வண்டி நல்லா இருக்கேன்னு கொஞ்சம் முறுக்கிட்டேன்," என்றான் சகலை.

"ரெண்டு கழுதை வயசாச்சு, குழந்தையப் பின்னால வெச்சுக்கிட்டு வேகம் காட்டலாமா?" மாமனார் பொரிந்து தள்ளினார். மாமியார் கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். மச்சினி தலைகுனிந்து நின்றாள். கடைசல்காரன் சுவரில் சாய்ந்து நின்றான். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயத்தின் அடியில், சொல்லவே கூசுகிற ஓர் ஆறுதல் அவனுக்குள் இருந்தது. இத்தனை நாள் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடிய சின்ன மாப்பிள்ளை இன்று திட்டு வாங்குகிறான். அந்த ஆறுதலை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான். கண்டுகொண்டும் பேசாமல் நின்றான்.

வெளியே நடைக்கூடத்தில் வாண்டு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அப்பா, சித்தப்பா வேகமாவே போகல."

"சரிம்மா."

"'பிரேக் பிடிக்கல, கெட்டியாப் பிடிச்சுக்கோ'ன்னு சொன்னாரு. அப்புறம் ஏன் தாத்தாகிட்ட பொய் சொல்றாரு?"

மகள் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. உள்ளே போனான்.

"மாமா, அவரைத் திட்டாதீங்க," என்றான். "தப்பு என்னோடது. பிரேக் ஹோஸ் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். கசிஞ்சதும் தெரியும். சாவியக் குடுக்கறப்பவும் தெரியும். குழந்தை ஏறினப்பவும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" மச்சினி கேட்டாள்.

"சொன்னா இவரு சிரிப்பாருன்னு நெனச்சேன். புது வண்டி வந்த நாள்லேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இவரு மூக்கறுபடணும்னுதான் அந்த வேலையே செஞ்சேன். பொறாமை கண்ண மறைக்கும்னு நெனைக்கறோம். எனக்கு மறைக்கல. எல்லாம் நல்லாவே தெரிஞ்சுது. வாயத்தான் கட்டிப்போட்டுடுச்சு."

மச்சினி அவன் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் அவனோடு பேசவில்லை. அவனும் அவளிடம் காரணம் கேட்கவில்லை.

சகலை கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "ஹோஸ் இழுத்துக்கிட்டு இருந்தத நானும் பாத்தேன் சகல."

கடைசல்காரன் நிமிர்ந்தான்.

"சுத்திச் சுத்தி வந்தேனே, குறை ஏதாவது கண்டுபிடிக்கலாம்னுதான். நான் கடன வாங்கி ஒரு வண்டி வாங்கினா, நீங்க உங்க கையாலயே ஒண்ணு பண்ணிட்டு வந்து நிக்கறீங்க. எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. வயிறு எரிஞ்சுது. ஓட்டிப் பாத்துட்டு வந்து, எல்லார் முன்னாலயும் 'பிரேக் சரியில்லயே'ன்னு சொல்லி உங்க மானத்த வாங்கலாம்னு நெனச்சேன். அதான் மாமாகிட்ட பழிய நான் ஏத்துக்கிட்டேன். பெருந்தன்மையெல்லாம் இல்ல."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சகலை மறுபடி கூரையைப் பார்த்தான், கடைசல்காரன் தரையைப் பார்த்தான்.

கடைசல்காரனின் மனைவி முன்னால் வந்தாள். வாசலில் நின்ற மகளை உள்ளே அழைத்து, தன் முன்னால் நிறுத்தி, அவள் தோள்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"ஃபோர்க் மாத்தினது தப்புன்னு நான் சொல்லல. சரியா மாத்தியிருந்தா சந்தோஷமா ஏறி உக்காந்திருப்பேன்," என்றாள். "நீங்களும் பாத்தீங்க, அவரும் பாத்தாரு. ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆனா நீங்க அவர் மூஞ்சியப் பாத்தீங்க, அவர் உங்க மூஞ்சியப் பாத்தாரு. இவள யாரும் பாக்கல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பொறாமையில வண்டி ஓட்டறவன் எப்பவும் தனியாப் போறதில்ல. பின்னால ஒண்ணும் தெரியாத ஒரு உயிரு உக்காந்திருக்கும்."